மணவறை ஏற்றும் வேன்

பழைய வாகனங்களை வாங்கி உடைக்கும் யார்டின் லாரி வியாழக்கிழமை காலையில் வாசலுக்கு வந்து நின்றபோது, சுகந்தினி வேலைக்குப் புறப்பட்டுச் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். மஞ்சள் சட்டை போட்ட பெரிய உடம்புக்காரர் ஒருவர் இறங்கி, சங்கிலியை இழுத்தபடி, புல்தரையில் நின்ற வேனை நோக்கி நடந்தார். உங்கள் கணவர் நேற்றே பேசிவிட்டார், சாவியை மட்டும் கொடுங்கள், கொஞ்ச நேரத்தில் ஏற்றிக்கொண்டு போய்விடுவேன் என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

சுகந்தினி ஒற்றைச் செருப்போடு வெளியே வந்தாள். வேன் என் பெயரில் இருக்கிறது, நான் யாரோடும் பேசவில்லை, கொடுப்பதாகவும் இல்லை என்றாள்.

அவர் வேனைப் பார்த்தார். கதவுக் கண்ணாடிக்கு ஒரு சாண் கீழே, அடிமட்டம் வைத்து இழுத்ததுபோல, சேற்றுக் கோடு ஒன்று வேனைச் சுற்றி ஓடியது. பிறகு அவளைப் பார்த்தார். இந்த வாரம் முழுக்க இதுதான் என் வேலை, எல்லோரும் முதலில் மாட்டேன் என்றுதான் சொல்கிறார்கள், நீங்களே கூப்பிடுவீர்கள் என்று ஒரு அட்டையைக் கொடுத்துவிட்டுச் சங்கிலியைச் சுருட்டிக்கொண்டு போனார். குரலில் கோபம் எதுவும் இல்லை. களைப்புத்தான் இருந்தது.

லாரி தெரு முனையில் திரும்பும்வரை சுகந்தினி அங்கேயே நின்றாள். பிறகு மற்றச் செருப்பைத் தேடப் போனாள்.

ஜனவரிக் கடைசி வெள்ளிக்கிழமை ஆக்லாந்தில் கொட்டிய அந்தப் பெருமழையில் மாசி என்ற புறநகரில் இருந்த அவர்களுடைய வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. வீடு மேட்டில் இருந்தது. கராஜில் சாக்கு மூடி வைத்திருந்த மணவறையும் நனையவில்லை. போனது வேன் மட்டும்தான். பென்ரோஸில் பொருட்கிடங்கு ஒன்றில் வேலை பார்க்கும் விநாயகமூர்த்தி, அன்று பின்னேரம் வேலை முடிந்து அதில் வந்துகொண்டிருந்தார். வீட்டுக்குப் பக்கத்தில், ஓடையைக் கடக்கும் பள்ளத்தில், வேன் தண்ணீருக்குள் நின்றுவிட்டது. "வான் நிண்டுட்டுது, நான் இறங்கி நடந்து வாறன்" என்று போனில் சொன்னார். தலையிலிருந்து கால்வரை நனைந்து வந்தார். குளித்தார், படுத்தார். அதற்குமேல் அந்த மாலையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

மறுநாள் தண்ணீர் வடிந்த பிறகு, தெரிந்தவர்கள் வேனைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். "ஒருக்கால் ஸ்டார்ட் பண்ணிப் பாப்பமே" என்று ஒருவர் சாவியில் கை வைத்தபோது, சுகந்தினி பாய்ந்து சாவியைப் பிடுங்கி எடுத்துத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். தண்ணீர் குடித்த எஞ்சினைத் திருப்பக்கூடாது என்று எங்கேயோ கேட்டது அவளுக்கு நினைவிருந்தது.

அந்த வேன் தொண்ணூறுகளில் ஜப்பானில் செய்தது. டீசலில் ஓடுவது. நீளமான உடம்பு, நிமிர்ந்து நிற்கக்கூடிய உயரக் கூரை. வார நாட்களில் பக்கத்து முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் சுகந்தினி, சனி ஞாயிறுகளில் கல்யாணங்களுக்கும், பெண்பிள்ளைகள் பெரியவளாகும் சாமத்திய வீடுகளுக்கும் மணவறை வாடகைக்குக் கொடுத்தாள். கப்பலில் கொழும்பிலிருந்து வந்த மணவறை அது. எட்டுத் தூண், மேலே வளைவு, பின்னால் இரண்டு மயில் செதுக்கிய ஒரே பலகை. அந்தப் பலகையை மடக்க முடியாது. அதைச் சரிக்காமல் நிமிர்த்தி வைக்கிற மாதிரி, வேனுக்குள் இரும்புச் சட்டம் அடித்துப் பஞ்சு சுற்றிக் கொடுத்தது விநாயகமூர்த்திதான். மார்ச் நடுவில் ஒரு கல்யாணத்துக்கு மணவறை கேட்டிருந்தார்கள். அவள் சரி என்று சொல்லியிருந்தாள்.

அன்று மாலை விநாயகமூர்த்தி வீட்டுக்கு வந்ததும் வேன் நின்ற இடத்தில் நிற்பதைக் கண்டார்.

"லொறி வரேல்லையோ?"

"வந்தது. நான் அனுப்பிப்போட்டன்."

"உமக்கென்ன விசரே? தண்ணிக்குள்ள கிடந்த வான். இன்சூரன்சும் மற்றாக்களின்ர வாகனத்தில இடிச்சால் அவைக்குக் குடுக்கிறதுதான், எங்கட வானுக்கு ஒண்டும் வராது. இதை வச்சுக்கொண்டு என்ன செய்யப் போறீர்?"

"திருத்தலாமோ இல்லையோ எண்டு பாக்கப் போறன். ஏலாது எண்டு தெரிஞ்சால் குடுப்பம். பாக்காமல் எறியமாட்டன்."

"ஆர் பாக்கிறது? நான் பாக்கமாட்டன்" என்று அவர் உள்ளே போய்விட்டார்.

அதுதான் அவளுக்குப் புதிராக இருந்தது. அந்த வேனுக்கு பிரேக் மாற்றினாலும் பெல்ட் மாற்றினாலும் அவர்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் அதற்கு அடியில் படுத்துக்கிடந்து, சாப்பிடக் கூப்பிட்டாலும் வராத மனிதர். இப்போது அதன் பக்கம் திரும்புவதே இல்லை. வேலைக்கு பஸ்ஸும் ரயிலும் மாறி மாறிப் போய்வந்தார்.

எதிர் வீட்டில் அபர்ணா இருந்தாள். மதுரைப் பக்கத்துப் பெண். எல்லர்ஸ்லியில் ஒரு காப்புறுதி நிறுவனத்தில், அடிபட்ட வாகனங்களைப் பார்த்துத் திருத்தலாமா கழித்துவிடலாமா என்று எழுதிக் கொடுப்பது அவள் வேலை. வெள்ளத்துக்குப் பிறகு அவளை வீட்டில் காண்பதே அரிதாகிவிட்டது. சனிக்கிழமை காலை அவள் குப்பைத் தொட்டியை உள்ளே இழுக்கும்போது சுகந்தினி தெருவைக் கடந்து போய்க் கையைப் பிடித்தாள்.

"அபர்ணா, எனக்காக ஒருக்கால் அந்த வானைப் பாரும்."

அபர்ணா வேனைத் தொடவில்லை. சேற்றுக் கோட்டை மட்டும் பார்த்தாள். "அக்கா, சீட்டு வரைக்கும் தண்ணி ஏறியிருக்கு. ஆபீஸ்ல இது ரெண்டு நிமிஷ வேலை. கழிச்சிடுன்னு எழுதிட்டு அடுத்த வண்டிக்குப் போயிடுவேன்."

"அது உம்மட ஒபிசுக்கு. இப்ப இது உம்மட வான் எண்டு வச்சுக்கொண்டு பாரும்."

அபர்ணா சிரித்துவிட்டாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டு கதவைத் திறந்தாள். பழைய சேற்று நாற்றம் முகத்தில் அடித்தது. சீட்டைத் தூக்கிப் பார்த்தாள். அந்த வேனுக்கு எஞ்சின் முன் சீட்டுக்கு அடியில்தான். டாஷ்போர்டுக்குக் கீழே கையை விட்டுத் தடவினாள். குனிந்து அடியில் பார்த்தாள்.

"புது வண்டியா இருந்தா, பார்க்கவே வேணாம்னு சொல்லியிருப்பேன் அக்கா. கம்ப்யூட்டர், ஏர்பேக், சென்சார்னு எல்லாம் தண்ணியில போயிருக்கும். இதுல அதெல்லாம் ஒண்ணுமே இல்லையே. கண்ணாடி இறக்கக்கூட கையால சுத்துற கைப்பிடிதான். பழசா இருக்கிறதே இதுக்கு நல்லதாப் போச்சு."

"அப்ப திருத்தலாமோ?"

"அப்படிச் சொல்லலை. மூணு விஷயம் தெரியணும். தண்ணியில இருந்து எடுத்த பிறகு யாராவது ஸ்டார்ட் பண்ணாங்களா?"

"இல்லை. சாவி என்னட்டைத்தான்."

"நல்லது. அடியில இருக்கிற சட்டம் துருப்பிடிக்காம இருக்கா? அது ஹாய்ஸ்ட்ல தூக்கினாத்தான் தெரியும். மூணாவதுதான் முக்கியம். தண்ணி உள்ளே போனப்போ எஞ்சின் ஓடிட்டு இருந்ததா, நின்னிருந்ததா? ஓடும்போது தண்ணியை உறிஞ்சியிருந்தா உள்ளே கம்பி வளைஞ்சிருக்கும். அப்ப எஞ்சினே போச்சு. நின்ன பிறகு மெதுவா நிரம்பியிருந்தா வாய்ப்பு இருக்கு. அதை ஓட்டினவர்தான் சொல்லணும். அண்ணன்கிட்ட கேளுங்க."

சுகந்தினி கேட்டாள். சாப்பாட்டு மேசையில் கேட்டாள். விநாயகமூர்த்தி "தெரியாது" என்று தட்டைக் கழுவப் போனார். மறுநாளும் கேட்டாள். "வான் நிண்டுட்டுது எண்டு சொன்னனான்தானே" என்று டீவியைப் போட்டார். அந்த வாரம் ஒரு மாலை கொஞ்சம் தூறியபோது, அவர் எழுந்து ஒவ்வொரு ஜன்னலாகச் சாத்திவிட்டு, முன் அறையில் நின்று தெருவையே பார்த்துக்கொண்டிருந்ததை அவள் கவனித்தாள். என்ன பார்க்கிறீர்கள் என்றாள். ஒன்றுமில்லை என்றார்.

சரி, அவர் சொல்லும்போது சொல்லட்டும் என்று அவள் வேலையைத் தொடங்கினாள். வேலை முடிந்து வந்து ஒவ்வொரு மாலையும் வேனுக்குள் ஏறினாள். சீட்டுகளைக் கழற்றி வெயிலில் வைத்தாள். தரைவிரிப்பைக் கத்தியால் அறுத்துச் சுருட்டி எடுத்தாள். அது ஒரு ஆளின் பாரம் இருந்தது. சேற்றை வாரிக் கொட்டினாள். ஹோஸ் பிடித்து, நல்ல தண்ணீர் தெளிவாக ஓடும்வரை கழுவினாள். பஞ்சு சுற்றிய இரும்புச் சட்டத்திலிருந்து பஞ்சை எல்லாம் பிய்த்தெறிந்தாள். சட்டத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. பிறகு பென்ரோஸில் சொந்தமாக வொர்க்ஷாப் வைத்திருக்கும் ரஜிதனுக்குப் போன் எடுத்தாள்.

"அக்கா, விடுங்கோ" என்றான் அவன், கேட்டு முடிக்கும் முன்பே. "இந்தக் கிழமை இதோட எத்தினை பேர் கேட்டிட்டினம். எல்லாருக்கும் ஒரே பதில்தான் சொல்லுறன்."

"தம்பி, பாத்திட்டு ஏலாது எண்டு சொன்னால் நான் ஒண்டும் கதைக்கமாட்டன். பாக்காமல் சொன்னால் ஒவ்வொரு நாளும் போன் எடுப்பன்."

ரஜிதன் பெருமூச்சு விட்டான். "சரி, ஞாயிற்றுக்கிழமை வாறன். அதுக்கு முதல் எஞ்சின் எண்ணெயை வடிச்சு வையுங்கோ. நிறம் என்னெண்டு பாக்கோணும்."

சனிக்கிழமை காலை, பழைய பாயொன்றை விரித்து வேனுக்கு அடியில் நுழைந்தாள் சுகந்தினி. எண்ணெய் வடிக்கும் நட்டில் ஸ்பானரைப் போட்டுத் தன் பலம் முழுவதையும் கொடுத்தாள். அசையவில்லை. காலை சக்கரத்தில் உதைந்துகொண்டு மறுபடி இழுத்தாள்.

"உது மற்றப் பக்கம் சுத்தோணும்."

விநாயகமூர்த்தியின் கால்கள் புல்லில் தெரிந்தன. சொல்லிவிட்டு அந்தக் கால்கள் திரும்பி நடந்தன. அவள் மற்றப் பக்கம் சுற்றினாள். ஸ்பானர் வழுக்கிக் கை சட்டத்தில் இடித்தது. "அம்மா!" என்று கத்திவிட்டாள். கால்கள் திரும்பி வந்தன.

"வெளியில வாரும். நட்டைத் தேய்ச்சுப்போடப் போறீர்."

அவர் படுத்து நுழைந்தார். ஒரே இழுவையில் நட்டு இளகியது. வாளிக்குள் முதலில் தண்ணீர் கொட்டியது, பிறகு எண்ணெய் வந்தது, பால் விட்ட தேத்தண்ணியின் நிறத்தில். அவர் அதைப் பார்த்தபடி கிடந்தார். பிறகு மெதுவாக வெளியே வந்து, சக்கரத்தில் முதுகைச் சாய்த்துப் புல்லில் உட்கார்ந்தார்.

"எஞ்சினுக்குள்ள தண்ணி போட்டுது. விடும்."

"ஓடேக்க போனதோ, நிண்டாப்பிறகு போனதோ?"

அவர் கையிலிருந்த எண்ணெயைப் புல்லில் துடைத்தார். இந்த முறை அவள் எழுந்து போகவில்லை. அவருக்கு எதிரே, அடிபட்ட கையை மற்றக் கையால் பொத்திக்கொண்டு உட்கார்ந்தாள்.

"நான்தான் நிப்பாட்டினனான்" என்றார் கடைசியில்.

"என்னத்தை?"

"எஞ்சினை. முன்னால போன கார் கடந்து போட்டுது, நானும் போகலாம் எண்டு நினைச்சன். நடுவில தண்ணி படிக்கு மேல வந்திட்டுது. இனி ஓடினால் தண்ணியை இழுத்துப்போடும், எஞ்சின் துலைஞ்சுபோகும் எண்டு சாவியைத் திருப்பி நிப்பாட்டினன். அந்த நேரத்திலையும் எனக்கு எஞ்சினைப் பற்றித்தான் யோசினை, பாரும்." அவர் சிரிக்கப் பார்த்தார். வரவில்லை. "நிப்பாட்டின உடன ஒரு சத்தமும் இல்லை. அதுக்குப் பிறகுதான் தண்ணியிட சத்தம் கேட்டது."

மீதியை அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். கதவு திறக்கவில்லை. வெளியே இருந்த தண்ணீர் அதை அழுத்திப் பிடித்திருந்தது. இரண்டு காலாலும் உதைந்தும் திறக்கவில்லை. தண்ணீர் காலுக்கடியில் ஊறி, முழங்காலுக்கு வந்து, சீட்டுக்கு வந்தது. வேன் ஒருமுறை தரையை விட்டு எழும்பிச் சற்றுத் திரும்பியது. ஓடைக்குள் போகப்போகிறது என்று நினைத்தார். கண்ணாடியைக் கையால் சுற்றி இறக்கலாம் என்பது வெகுநேரம் அவருக்கு நினைவுக்கு வரவே இல்லை. பிறகு வந்தது. தலையை முதலில் வெளியே விட்டு, கூரைக் கம்பியைப் பிடித்து, வேலியொன்றைப் பிடித்து, எப்படியோ கரையேறினார். யாரோ ஒருவருடைய வீட்டு வாசலில் நின்று நடுங்கிக்கொண்டிருந்தார். அந்த வீட்டுக்காரரின் போனில்தான் அவளைக் கூப்பிட்டார்.

"என்னட்டை வான் நிண்டுட்டுது எண்டுதானே சொன்னீங்கள்" என்றாள் சுகந்தினி.

"வேறை என்னெண்டு சொல்லுறது?"

அவள் எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். இத்தனை நாளும் அவர் கண் முன்னால் அதைக் கழுவித் துடைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். இந்தப் பெட்டிக்குள் மனிதர் இருந்திருக்கிறார், கதவு திறக்காமல். அதையறியாமல் தரைவிரிப்பைப் பற்றிக் கவலைப்பட்டிருக்கிறாள்.

"அப்ப குடுத்திடுவம்" என்றாள். அவள் அதை மனதாரத்தான் சொன்னாள். "லொறிக்காரன்ர நம்பர் இருக்கு. இண்டைக்கே வரச் சொல்லுறன். மணவறைக்கு வேறை வழி பாப்பம்."

விநாயகமூர்த்தி வாளியைத் தன் பக்கம் இழுத்து, எண்ணெயை ஒரு குச்சியால் கிளறிப் பார்த்தார்.

"பொறும். நாளைக்கு ரஜிதன் வரட்டும். நான் நிப்பாட்டினது சரியோ எண்டு எனக்கும் பாக்கோணும். சுத்துது எண்டால் திருத்துவம். ஆனால் ஒண்டு. நான் உதில ஏறமாட்டன். அதைப் பற்றி என்னட்டைக் கேக்கக் கூடாது."

"கேக்கமாட்டன்" என்றாள் அவள்.

ஞாயிற்றுக்கிழமை ரஜிதன் வந்தான். அபர்ணாவும் தேநீர்க் கோப்பையோடு தெருவைக் கடந்து வந்தாள். எஞ்சின் தலையிலிருந்த ஹீட்டர் பிளக்குகளை ரஜிதன் கழற்றினான். உள்ளே தண்ணீர் இருந்தால் வெளியேற வழி வேண்டும் என்றான். விநாயகமூர்த்தி அடியில் படுத்து, எஞ்சினைக் கையால் சுற்றிப் பார்க்க, அதன் முன்பக்கத்தில் பெல்ட் ஓடும் சக்கரத்தின் நட்டில் நீளமான இரும்புக் குழாயை மாட்டினார். "இறுகியிருந்தால் பலவந்தம் பண்ணாதேங்கோ அண்ணை, அதோட சரி" என்றான் ரஜிதன்.

குழாய் முதலில் அசையவில்லை. விநாயகமூர்த்தி மூச்சைப் பிடித்து மெதுவாக அழுத்தினார். உள்ளேயிருந்து ஒரு முனகல் வந்தது. பிறகு பிளக் துவாரமொன்றிலிருந்து மண்ணிறத் தண்ணீர் பீறிட்டு ரஜிதனின் முகத்தில் அடித்தது. அவன் தும்மிக்கொண்டே "விடாதேங்கோ, விடாதேங்கோ" என்று கத்தினான். அடுத்த துவாரமும் கக்கியது. குழாயை எடுத்து எடுத்துப் போட்டு, முழுச் சுற்று வந்தது. எங்கேயும் இடிக்கவில்லை, சிக்கவில்லை. இன்னொரு சுற்றும் வந்தது.

"சுத்துது" என்றார் விநாயகமூர்த்தி, அடியிலிருந்து. வெளியே வர அவருக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

அதற்குப் பிறகு வேலை வேலைதான். எண்ணெயை ஊற்றி வடித்து, ஊற்றி வடித்து, நிறம் தெளியும்வரை செய்தார்கள். டீசல் டாங்கை இறக்கிக் கழுவினார்கள். ஸ்டார்டர் மோட்டாரைப் பிரித்தார்கள். அது போய்விட்டது, ரஜிதன் வேறொன்று கொண்டுவந்தான். பிரேக் டிரம்முகளுக்குள்ளிருந்து களிமண் கட்டிகளை விநாயகமூர்த்தி நெம்பி எடுத்தார். மாத முடிவில் ஒரு சனிக்கிழமை, சுகந்தினி கைப்பையிலிருந்து சாவியை எடுத்து ரஜிதனிடம் கொடுத்தாள். வேன் நெடுநேரம் இருமியது. வெள்ளைப் புகை தெருவை மூடியது. பிறகு பிடித்துக்கொண்டது. அபர்ணா கைதட்டினாள். விநாயகமூர்த்தி கொஞ்சம் தள்ளிப்போய், தலையைச் சாய்த்து, எஞ்சின் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தார். நான்கு சிலிண்டரிலும் அழுத்தம் பார்த்தான் ரஜிதன். ஏறக்குறைய ஒரே அளவு, உள்ளே ஒரு கம்பியும் வளையவில்லை.

சந்தோஷம் மூன்று நாள்கூட நிற்கவில்லை. பழைய வண்டிக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுக்கும், தெருவில் ஓடத் தகுதி என்ற சான்றான வாரண்டுக்கு முன்னோட்டமாக, ரஜிதன் தன் வொர்க்ஷாப்பில் வேனை உயரத் தூக்கினான். கூப்பிட்டனுப்பினான். சுகந்தினி போனபோது, இடது பின்சக்கரத்துக்கு மேலே ஓடும் இரும்புச் சட்டத்தில் அவன் ஒரு திருப்புளியை வைத்துக் குத்திக் காட்டினான். பிஸ்கட்டில் குத்தியதுபோல் அது பிடிவரை உள்ளே போனது.

"இது வெள்ளத்தால வந்ததில்லை அக்கா. கனகாலத் துரு. சேறு கழுவினதாலதான் தெரிஞ்சது. இதோட வாரண்ட் கிடைக்காது. வெட்டி எடுத்திட்டு வேறை இரும்பு வச்சு ஒட்டோணும். இந்த வயசு வானுக்கு இவ்வளவு வேலை தேவையோ? இதோட நிப்பாட்டுங்கோ எண்டுதான் நான் சொல்லுவன்."

எல்லர்ஸ்லியிலிருந்து வேலை முடிந்து வந்து சேர்ந்த அபர்ணாவும் அண்ணாந்து பார்த்தாள். "எங்க கணக்குப்படி இது எப்பவோ தாண்டிடுச்சு அக்கா. திருத்துற செலவு வண்டியோட விலையை விட ஜாஸ்தி."

"வானின்ர விலை எண்டால், வித்தால் மற்றாக்கள் எனக்கு என்ன தருவினம் எண்டது. நான் விக்கப் போறேல்லையே" என்றாள் சுகந்தினி. "என்ர கணக்கு வேறை. உதை எறிஞ்சால் அந்த மயில் பலகையைச் சரிக்காமல் ஏத்தக்கூடிய வான் எனக்கு எங்க கிடைக்கும்? ரெண்டு கிழமையாத் தேடிப்போட்டன். வெள்ளத்துக்குப் பிறகு எல்லாரும் வான் தேடினம். இருக்கிறதெல்லாம் கூரை பதிஞ்சது. அதுக்கு ஒரு வழி சொல்லுங்கோ, இப்பவே நிப்பாட்டுறன்."

ரஜிதன் திருப்புளியைச் சட்டத்திலிருந்து பிடுங்கி எடுத்தான்.

"ஆனால் கண்ணை மூடிக்கொண்டு செய்யச் சொல்லேல்ல" என்றாள் சுகந்தினி. "முழுக்கப் பாப்பம். மற்ற இடமெல்லாம் உப்பிடித்தான் எண்டால் நானே லொறிக்காரனைக் கூப்பிடுவன். தம்பி, அந்தச் சுத்தியலைத் தாரும்."

அவள் சுத்தியலை வாங்கி, முன்பக்கத்திலிருந்து தொடங்கினாள். ஒரு முழத்துக்கு ஒரு தட்டு. திடமான இரும்பு கணீரென்றது. ரஜிதன் பின்னாலேயே திருப்புளியால் குத்திக்கொண்டு வந்தான். வலது பக்கம் முழுவதும் கணீர் என்றே கேட்டது. இடது பக்கத்தில், சக்கரத்துக்கு மேலே, சத்தம் செத்துப்போனது. ஒரு முழ நீளம். அதற்கு அப்பால் மறுபடி கணீரென்றது. பக்கக் கதவுப் படியின் உள்மடிப்பில் கையகலத்துக்கு இன்னொரு ஓட்டை இருந்தது. அவ்வளவுதான். நம்பிக்கை வராமல், அவள் மறுபடி பின்னாலிருந்து முன்னாலே தட்டிக்கொண்டு வந்தாள்.

"ரெண்டு இடம்" என்றாள். "ரெண்டு இடத்தையும் வெட்டி ஒட்டுங்கோ."

ரஜிதன் அபர்ணாவைப் பார்த்தான். அபர்ணா தோளைக் குலுக்கினாள். "ஒட்டிடுங்க. இந்த மாசம் பூரா வண்டியைக் கழிச்சுக் கழிச்சு எழுதி எனக்கே வெறுத்துப்போச்சு. ஒண்ணாவது ஓடட்டும்."

வெட்டும் வேலைக்கு விநாயகமூர்த்தி வந்தார். வேலை முடிந்ததும் பொருட்கிடங்கிலிருந்து நடந்தே வொர்க்ஷாப்புக்குப் போய்விடுவார். துருப்பிடித்த துண்டை வெட்டி எடுத்த பிறகு, அந்த இடத்துக்கு அட்டையில் அளவு வெட்டி, அதை வைத்துத் தடித்த இரும்புத் தகட்டை வளைத்தார். ரஜிதன் பற்றவைத்தான். வாரண்ட் பார்க்கும் மனிதர், பெயின்ட் அடிக்கும் முன்பு பற்றவைத்த இடத்தைக் காட்டச் சொல்லியிருந்தார். அவர் டார்ச் அடித்து இரண்டு பக்கமும் பார்த்தார். நல்ல வேலை என்றார். ஆனால் சீட் பெல்ட்டுகள் சேற்றில் ஊறியதால் ஒழுங்காக இழுபடவில்லை, இரண்டையும் மாற்றிக்கொண்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பினார். மாற்றினார்கள். இரண்டாம் தரம் போனபோது முன் கண்ணாடியில் புது வாரண்ட் ஒட்டப்பட்டது. கல்யாணத்துக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது.

கல்யாணத்தன்று விடியற்காலையில் தூண்களை ஏற்றினார்கள். விநாயகமூர்த்தி சட்டத்துக்குப் புதுப் பஞ்சு சுற்றியிருந்தார். ஏற்றும்போது அவர் வெளியே நின்று கொடுத்தார், சுகந்தினி உள்ளே நின்று வாங்கி நிறுத்தினாள். மயில் பலகை வந்தபோது மட்டும் ஒரு ஆள் போதாது. அவர் ஒரு காலைப் படியில் வைத்து, தோளை உள்ளே கொடுத்துத் தள்ளினார். தள்ளி முடித்ததும் உடனே இறங்கிவிட்டார். நெற்றியில் வியர்த்திருந்தது. அவள் பார்க்காததுபோல் கயிறு கட்டினாள்.

மண்டபத்துக்கு அவர் அபர்ணாவின் காரில் போனார். சுகந்தினி வேனைத் தனியாக ஓட்டினாள். சேற்று வாசம் இன்னும் முழுதாகப் போகவில்லை. கண்ணாடிகளை இறக்கி விட்டுக்கொண்டாள். மேட்டில் ஏறும்போது எஞ்சின் முன்பைவிடக் கொஞ்சம் சத்தம் போட்டது. ஸ்டியரிங் நேராக நின்றது. ஏற்றிய பலகை அசையவில்லை. கைகள் ஸ்டியரிங்கை எவ்வளவு இறுகப் பிடித்திருந்தன என்பது, மண்டபத்து வாசலில் நிறுத்திவிட்டு விரல்களை விரித்தபோதுதான் அவளுக்குத் தெரிந்தது.

பின்னேரம் எல்லாம் முடிந்து மணவறையைக் கழற்றி ஏற்றிய நேரத்தில், அபர்ணா வேறு வேலையாக முன்பே போய்விட்டிருந்தாள். மண்டபத்து வாசலில் அவர்கள் இருவரும் வேனும்தான். விநாயகமூர்த்தி வானத்தைப் பார்த்தார். மேகம் இல்லை. வேனின் பக்கத்துக் கதவைப் பார்த்தார். கைப்பிடியில் கை வைத்தார், எடுத்தார்.

சுகந்தினி ஒன்றும் கேட்கவில்லை. கேட்கமாட்டேன் என்று சொல்லியிருந்தாள்.

"நான் பஸ்ஸில வாறன்" என்றார்.

"சரி. பால் முடிஞ்சுது. வரேக்க டெயரிக் கடையில ஒண்டு வாங்கிக்கொண்டு வாங்கோ."

அவர் தலையாட்டிவிட்டு பஸ் தரிப்பிடத்தை நோக்கி நடந்தார். அவள் வேனைக் கிளப்பினாள். வீட்டுக்கு வந்து, பின்கதவைத் திறந்து, இலேசான சாமான்களை ஒவ்வொன்றாக இறக்கிக் கராஜுக்குள் வைத்தாள். தூண்களில் கை வைத்தபோது தெருவில் அவர் வருவது தெரிந்தது. பால் போத்தலை வாசற்படியில் வைத்துவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்தார்.

"முதல் பலகையை இறக்குவம். பாரம் எனக்குத் தாரும்."

"ஓம்" என்று அவள் உள்ளே ஏறி, கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினாள்.